மாடல் எஞ்சினில் அழுக்கு எங்கே படியணும்? – வாசகர் கேள்வி பதில்

பெட்டியிலிருந்து எடுத்த மாடல் ரயில் எஞ்சின் பொம்மைப் பளபளப்போடு இருக்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் வந்து நிற்கிற எஞ்சினோ புகை, தூசி, எண்ணெய், மழைக்கோடு எல்லாம் சுமந்து நிற்கும். பெயிண்ட்டை நன்றாக நீர்க்க வைத்துப் பூசி அந்த அழுக்கை மாடலில் கொண்டுவருவதைத்தான் ‘வாஷ்’ என்கிறோம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே.

ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 1:87) டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினுக்கு, கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட்டில் தண்ணீர் கலந்து வாஷ் கொடுத்தேன். சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு உருண்டு நின்றது. காய்ந்த பிறகு துளி நின்ற இடமெல்லாம் வட்டக் கறை. எங்கே பிசகு?
– பாளையங்கோட்டை வாசகர்

இரண்டு தவறு, இரண்டுக்கும் காரணம் வேறு. உருண்டு நின்றதற்குக் காரணம் கைப்பட்ட எண்ணெய்ப் பசையும் தண்ணீரின் பரப்பு இழுவிசையும். எஞ்சினின் மேல்கூட்டை அடிச்சட்டத்திலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து அலசி, ஓர் இரவு காயவிடுங்கள். அதன்பின் விரல் படாமல் ஒரு குச்சியில் மாட்டிப் பிடித்து வேலை செய்ய வேண்டும். வாஷ் கலக்கும் தண்ணீரிலும் 100 மில்லிக்கு அதே திரவம் இரண்டு சொட்டு விட்டால் இழுவிசை குறைந்து, துளி உடைந்து பரவும். அந்தத் தண்ணீர் 9 பங்கு, பெயிண்ட் 1 பங்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மில்லி சிரிஞ்ச் இருந்தால் அளவு தவறாது. சோப்பைக் கூட்டிவிடாதீர்கள். நுரை காய்ந்து சின்னச் சின்ன வளையமாக நிற்கும், மேலே அடிக்கிற வார்னிஷும் பிடிக்காது.

வட்டக் கறை வேறு விஷயம். டபராவிலிருந்து சிந்திய காப்பி மேசையில் காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்து நிற்கிறதே, அதேதான். துளியின் ஓரம் முதலில் காய்கிறது, உள்ளே இருக்கிற நிறத்துகள் எல்லாம் ஓரத்தை நோக்கி இழுபட்டுப் போய்ச் சேர்கின்றன. ஆகவே வாஷ் தேங்கி நிற்கவே கூடாது. ஈரமான, ஆனால் சொட்டாத தூரிகையின் நுனியைத் தேக்கத்தின் அடியில் தொட்டால் மிகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சியதை டிஷ்யூவில் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அக்ரிலிக் வாஷ் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. ஒரு நேரத்தில் ஒரு கதவு, ஒரு பலகை என்று சிறு பரப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

எங்கள் யோசனை, பக்கச் சுவர்களுக்கு அக்ரிலிக்கை விட்டுவிட்டு ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் பெயிண்ட்டுக்கு மாறிவிடுங்கள். அது மெதுவாகக் காயும், திருத்த அரை மணி நேரம் கையில் இருக்கும். கொண்டைக்கடலை அளவு பெயிண்ட்டை அட்டைத் துண்டில் பிதுக்கி அரை மணி நேரம் வையுங்கள். மிகுதியான ஆளி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், பூச்சு மினுக்காமல் சீக்கிரம் காயும். பிறகு 4 மில்லி டர்பன்டைனில் கரையுங்கள். தனிக் கறுப்பு வேண்டாம். எரித்த அம்பர் (burnt umber) என்ற கரும்பழுப்பு மூன்று பங்கு, கறுப்பு ஒரு பங்கு. தனிக் கறுப்பு வாஷ் எஞ்சினைச் சித்திரப் புத்தகத்தில் கோடு போட்ட படம் மாதிரி ஆக்கிவிடும்.

ஆயில் வாஷுக்கு முன் அக்ரிலிக் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்து ஒரு நாள் விட வேண்டும். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம், மாடல் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். மினுக்கமில்லாத ‘மேட்’ பரப்பு நுண்ணிய சொரசொரப்பு உடையது. வாஷ் பட்ட இடத்திலேயே ஊறிக் கறையாகிவிடும். பளபளப்பான பரப்பில்தான் அது வழுக்கி ஓடி, கதவு இடுக்கு, ஆணித் தலை, ரேடியேட்டர் கம்பி இடுக்கு என்று தானாகப் போய்ச் சேரும். இன்னொரு பயன், டர்பன்டைன் நன்கு காய்ந்த அக்ரிலிக் வார்னிஷைத் தொடாது. பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே துடைத்து எடுத்துவிடலாம், கீழே உள்ள பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பூசி 15 முதல் 30 நிமிடத்துக்குள், டர்பன்டைன் தொட்டுப் பிழிந்த ஸ்பாஞ்சால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். மழைத் தண்ணீர் போகும் திசை அது. குறுக்கே ஓர் இழுப்பு இழுத்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் காயவிட்டு மேட் வார்னிஷ் அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை என்றால் இரண்டு நாள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கக் கூடும். தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள், அல்லது கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

அண்ணாச்சி, ஹார்டுவேர் கடையில் தின்னர் கேட்டு வாங்கி ஆயில் பெயிண்ட்டைக் கரைத்தேன். டிரைவர் கேபின் பக்கம் பிளாஸ்டிக் இளகிச் சுருங்கிவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– தென்காசி வாசகர்

கடையில் வெறுமனே ‘தின்னர்’ என்று கேட்டால் பெரும்பாலும் என்சி தின்னரைத்தான் கொடுப்பார்கள். மோட்டார் வண்டிக்கும் மரச் சாமானுக்கும் அடிக்கிற லாக்கர் பெயிண்ட்டுக்கு உரியது அது. மாடல்கள் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வருகின்றன. இரண்டையும் அது கரைத்துவிடும். நகப்பூச்சு வாடை அடித்தால் மாடல் பக்கமே கொண்டுபோக வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது எனாமல் பெயிண்ட்டுக்கு ஊற்றும் டர்பன்டைன். அதையும் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் எண்ணெய் வளையம் நின்றால் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். அதில் கரைத்த வாஷ் நாள்கணக்கில் பிசுபிசுக்கும்.

கேபினைத் தொடாதீர்கள், துடைக்காதீர்கள். இளகிய பிளாஸ்டிக்கில் விரல் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். மூன்று நாள் விட்டால் கரைப்பான் ஆவியாகிப் பிளாஸ்டிக் மறுபடி இறுகும். 600 எண் வாட்டர் பேப்பர், பிறகு 1000 எண், இரண்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். குழிக்கு மாடல் புட்டி. அதன்மேல் பிரைமர், நிறம். ஆணித் தலைகளும் ஜன்னல் சட்டமும் உருகிப் போயிருந்தால் தேய்த்து மீட்க முடியாது. அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் வழி.

டர்பன்டைனுக்கும் ஓர் எச்சரிக்கை. கிளிப் போட்டு இறுக்கிய இடம், திருகு முறுக்கிய இடம் போன்ற அழுத்தமுள்ள மூலைகளில் அது தேங்கினால் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடலாம். மேல்கூட்டைக் கழற்றி வைத்து வேலை செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

எங்கள் ஊரைச் சுற்றித் தேரிக்காடு. அந்தச் செம்மண்ணையே சலித்து எஞ்சினில் பூசினால் நிறம் அச்சாக வருமே?
– சாத்தான்குளம் வாசகர்

நிறம் வரும், ஆனால் வேண்டாம். தேரி மண் உண்மையில் மணல். குவார்ட்ஸ் மணிகளின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்த சிவப்பு அது. கால் மில்லிமீட்டர் மணல்மணி 1:87 அளவில் கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர் ஜல்லிக்குச் சமம். எஞ்சின் மேல் தூசி படிந்த மாதிரி இருக்காது, சரளை கொட்டிய மாதிரி இருக்கும். அதைவிடப் பெரிய கேடு, நம் கடற்கரைப் பக்கத்து மணலில் கருமணலும் கலந்திருக்கிறது. காந்தத்தை ஒரு பையில் சுற்றி மண்ணில் இழுத்துப் பாருங்கள், கறுப்பு மயிர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாடல் எஞ்சினின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம்தானே. அந்தத் துகள் உள்ளே போனால் மோட்டாரையும் பற்சக்கரத்தையும் அரித்துவிடும்.

மண்ணை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து, அதைப் பார்த்து நிறம் கலக்குங்கள். எரித்த சியன்னா (burnt sienna) என்ற செம்பழுப்பு இரண்டு பங்கு, மஞ்சள் காவி ஒரு பங்கு, துளி வெள்ளை. தூள்தான் வேண்டும் என்றால் அதே நிறச் சாக் பேஸ்டலை 400 எண் உப்புத்தாளில் தேய்த்து எடுங்கள்.

கோவில்பட்டி கரிசலில் ஓடுகிற டீசலுக்கும் வள்ளியூர்ச் செம்மண்ணில் ஓடுகிற டீசலுக்கும் அழுக்கில் வித்தியாசம் காட்ட வேண்டுமா?
– கோவில்பட்டி வாசகர்

காட்டினால் நன்றாக இருக்கும். ஆனால் எஞ்சின் ஓர் ஊரில் மட்டும் ஓடுவதில்லை. சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை போகும் எஞ்சினில் எல்லா ஊர்த் தூசியும் கலந்து மங்கிய பழுப்பாகத்தான் நிற்கும். ஊர் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டியது உங்கள் தண்டவாளத்திலும் ஜல்லியிலும். எஞ்சினில் அதைக் கீழ் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரிசல் என்றதும் கறுப்பை எடுக்காதீர்கள். ஈர நிலம்தான் கறுப்பு, காய்ந்து பறக்கிற தூசி சாம்பல் கலந்த பழுப்பு. எரிக்காத அம்பர் இரண்டு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, ஊசிமுனை கறுப்பு. தூசி வாஷ் இன்னும் நீர்க்க இருக்க வேண்டும், 1 பங்குக்கு 15 பங்கு டர்பன்டைன். ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே தெரியாது, காய்ந்தபின்தான் வெளிறித் தெரியும். தெரியவில்லையே என்று மறுபடி மறுபடி பூசிக் கெடுப்பதுதான் இங்கே வழக்கமான பிசகு. ஒரு கோட் போட்டு, காயவிட்டு, பார்த்துவிட்டு அடுத்தது.

எஞ்சினின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் போகிகளின் நிறம் மண்ணால் வருவதல்ல. பழைய வார்ப்பிரும்புப் பிரேக் கட்டை சக்கரத்தில் உரசி உதிர்க்கிற இரும்புத் தூள் துருப்பிடித்துச் செம்பழுப்பாகப் படியும். எரித்த அம்பரும் எரித்த சியன்னாவும் சரிபாதி. அதைப் போகிக்கும் அடிச்சட்டத்துக்கும் கொடுத்து, மேலே போகப் போகக் கரைத்துவிடுங்கள். டீசல் நிரப்பும் வாயிலிருந்து டாங்கில் வழிந்த கோடு மட்டும் கருத்து மினுங்க வேண்டும். அதை மேட் வார்னிஷுக்குப் பிறகு போடுங்கள், முன்பே போட்டால் மினுக்கம் செத்துவிடும். கூரையில் புகைபோக்கியைச் சுற்றிக் கரித்தூள். டபிள்யூடிஎம்-2 கிளம்பும்போது கக்குகிற கரும்புகையைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் கை தாராளமாகவே போகும்.

வண்டி எண், ரயில்வே முத்திரை ஸ்டிக்கர்களை வாஷுக்கு முன்பு ஒட்டுவதா, பின்பா?
– சங்கரன்கோவில் வாசகர்

முன்பு. பளபளப்பு வார்னிஷ் ஒன்று, அதன்மேல் ஸ்டிக்கர், மறுபடி பளபளப்பு வார்னிஷ், அதற்குப் பிறகே வாஷ். நிஜ எஞ்சினிலும் எண்ணின் மேல்தான் அழுக்கு படிகிறது. வண்டி எண்ணின் மேல் மட்டும் ஈரப் பஞ்சால் லேசாகத் துடைத்து எடுத்தால் போதும்.

மீட்டர்கேஜ் காலத்து ஒய்பி நீராவி எஞ்சின் செய்துகொண்டிருக்கிறேன். கறுப்பு எஞ்சினில் வாஷ் எங்கே தெரியப்போகிறது?
– அம்பாசமுத்திரம் வாசகர்

கறுப்பு எஞ்சினில்தான் வாஷுக்கு வேலை அதிகம். முதலில் அடிநிறத்தைத் தனிக் கறுப்பாக விடாதீர்கள். கறுப்பு ஒன்பது பங்குக்குச் சாம்பல் ஒரு பங்கு கலந்து அடித்தால்தான் நிழலுக்கு இடம் இருக்கும், சின்ன அளவில் பார்க்கவும் இயல்பாக இருக்கும். அதன்மேல் வருகிற வாஷ் எல்லாம் அடிநிறத்தைவிட வெளிறியதாக, பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு அழுக்கும் எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். புகைப்பெட்டியின் முன்கதவைத் திறந்து சாம்பலை வாரும்போது கீழ்விளிம்பில் சாம்பல் சிந்தும், சூட்டில் பெயிண்ட் வெந்து பழுப்பேறும். அங்கே எரித்த சியன்னாவில் சாம்பல் கலந்த வாஷ். கொதிகலனில் தண்ணீர் புகும் வால்வு, கழுவித் திறக்கும் மூடிகள், சேஃப்டி வால்வு ஆகிய இடங்களில் நீராவி கசியும். உப்புத் தண்ணீர் ஆவியானால் நம் வீட்டு வெந்நீர் அண்டாவில் படிவது போல வெள்ளைப் படிவு நிற்கும். வெள்ளையில் துளி மஞ்சள் காவி கலந்து, மூடியின் கீழிருந்து மயிரிழையாக இழுத்து, பாதிக் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. எல்லா மூடியிலும் போடாதீர்கள். இரண்டு மூன்று கசிந்தால் போதும்.

சக்கரம் வழுக்காமல் மணல் தூவும் பெட்டியின் அடியில் மண்நிறக் கோடு. நெருப்புப் பெட்டிக்குக் கீழே, சாம்பல் தட்டு இருக்கும் பக்கம், வெளிறிய சாம்பல் தூள். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரில் நிலக்கரி கொட்டும் விளிம்பு கரித்தூளோடு கீறலும் சேர்ந்தது. தண்ணீர் நிரப்பும் வாயைச் சுற்றி வழிந்த தடம். சக்கரங்களை இணைக்கும் தண்டுகளில் துரு நிறம் பூசுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஓடுகிற எஞ்சினில் அவை எண்ணெய் குடித்து, கருத்து மினுங்கும். எரித்த அம்பரும் கறுப்பும் சேர்த்துப் பூசி, மூட்டுகளில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தொடுங்கள். கேபின் படியும் கைப்பிடியும் தேய்ந்து இரும்பு தெரிய வேண்டும். அதற்கு மென்பென்சில் தூளை விரலில் தொட்டுத் தேய்த்தாலே போதும்.

தொடங்கும் முன் ஓர் ஆண்டை முடிவு செய்யுங்கள். மலையேறிக் கொல்லம் போகும் செங்கோட்டைப் பாதை 1904-இல் திறந்தது. நெல்லை–தென்காசி 2012-இல் அகலப்பாதையானது. இடையில் நீராவியும் ஓடியது, ஒய்டிஎம்-4 டீசலும் ஓடியது. பக்கத்தில் டீசல் நிற்கிற காட்சி என்றால் ஒய்பி அதன் கடைசிக் காலத்து எஞ்சின், அழுக்கும் துருவும் கூடுதலாக இருக்கலாம். நீராவி மட்டுமே இருந்த காலம் என்றால் கொஞ்சம் துடைத்த முகத்தோடு நிற்கட்டும்.

கடைசியாக மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன், எஞ்சின் முழுக்கத் திருநீறு பூசிய மாதிரி வெளுத்துவிட்டது. குற்றாலச் சாரல்தான் காரணமா?
– செங்கோட்டை வாசகர்

சாரல் காலத்தில் அடித்திருந்தால் பெரும்பாலும் அதுதான். ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் அடித்துக் காற்று உலர்ந்த ஒரு நாளில், காலை 11-க்கும் மாலை 3-க்கும் இடையே, பளபளப்பு வார்னிஷ் மெல்லிய கோட் ஒன்று அடியுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும். பிறகு மறுபடி மேட்.

சித்திரையில் அடித்தும் வெளுத்தால் காரணம் வேறு. டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டால் அடியில் தங்கிய மேட் தூள் கட்டியாக வந்து படியும். இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்க வேண்டும். தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். அதைவிட விலகினால் அனல் காற்றில் பூச்சு வழியிலேயே காய்ந்து, மாவு மாதிரி சொரசொரப்பாக விழும். இது ஈரத்தால் வந்த வெளுப்பல்ல, இன்னொரு கோட்டால் தீராது. 2000 எண் வாட்டர் பேப்பரில் மெல்லத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய சரக்கு எஞ்சினில் பெயிண்ட் உரிந்து துரு தெரிவதற்குக் கல் உப்பு போடலாம் என்கிறார்கள். எப்படி?
– தூத்துக்குடி வாசகர்

உப்புக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை. முதலில் துரு நிறம் அடித்து, வார்னிஷ் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். உரிய வேண்டிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து, இடித்த கல் உப்பைத் தூவுங்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்தால்தான் இயல்பு. தண்ணீர் காய்ந்ததும் உப்பு ஒட்டி நிற்கும். மேலே எஞ்சினின் நிறத்தை மெல்லிதாக ஸ்பிரே செய்து, அரை மணி நேரம் கழித்துப் பல் பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டால் அடியில் துரு தெரியும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசியே ஆக வேண்டும். மிச்ச உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, பித்தளைக் கைப்பிடிகளைப் பச்சை பூக்க வைத்துவிடும், வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகவும் பூக்கும். மோட்டாரும் விளக்கும் உள்ள அடிச்சட்டத்தின் பக்கம் உப்பைக் கொண்டு போகவே கூடாது.

வாஷ் அடித்து முடித்த எஞ்சின் ஓடவில்லை. விளக்கு மின்னி மின்னி அணைகிறது.
– வள்ளியூர் வாசகர்

தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக வருகிற மின்சாரத்தைப் பெயிண்ட் மறிக்கிறது. சக்கரத்தின் ஓடுவிளிம்பையும் பின்பக்கத்தையும், பின்பக்கத்தில் உரசுகிற செப்புத் தகடுகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடையுங்கள். மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். எஞ்சினின் உடம்பில் படவிடாதீர்கள், அக்ரிலிக் பெயிண்ட்டையும் அச்சடித்த எழுத்தையும் அது கரைக்கும். காய்ந்த ஆயில் பெயிண்ட் என்றால் பல்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். உலோக முனை வேண்டாம், கீறலில் அழுக்கு மறுபடி தங்கும்.

அடுத்த முறை எஞ்சினைத் தலைகீழாக ஸ்பாஞ்ச் தொட்டிலில் வைத்து, இரண்டு வயரால் 4 அல்லது 5 வோல்ட் டிசி கொடுத்துச் சக்கரங்களை மெதுவாகச் சுழல விடுங்கள். ஓடுகிற சக்கரத்தின் முகத்தில் தூரிகையைத் தொட்டால் ஆரக்கால் எல்லாம் ஒரே சீராக நிறம் ஏறும், விளிம்பில் படாது. அச்சு முனையில் வாஷ் சொட்டிவிட்டால் காய விடாமல் அப்போதே உறிஞ்சி எடுங்கள். பற்சக்கரத்துக்குப் பிளாஸ்டிக்குக்கு உகந்த மாடல் எண்ணெய் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மிகுந்த எண்ணெய் சக்கரத்துக்கு இறங்கி, புதிதாகப் போட்ட நிறத்தையும் கரைக்கும்.

நெல்லை எக்ஸ்பிரஸ் இழுக்கிற மின்சார எஞ்சினுக்கும் இத்தனை வேலை வேண்டுமா?
– மேலப்பாளையம் வாசகர்

வேண்டாம். டபிள்யூஏபி-7 போன்ற வெளிர் நிற எஞ்சினில் அடர்ந்த வாஷ் அடித்தால் கரி அப்பிய மாதிரி ஆகிவிடும். கதவு இடுக்கிலும் காற்றுச் சல்லடையிலும் மட்டும், பூச்சியம் எண் தூரிகையின் நுனியால், சாம்பல் கலந்த பழுப்பு. போகிகளுக்குப் பிரேக் தூள் நிறம். கூரைக்குச் சற்றுக் கூடுதலாகக் கருஞ்சாம்பல், ஏனென்றால் மேலே மின்கம்பியில் உரசுகிற பான்டோகிராஃபின் கார்பன் பட்டை தேய்ந்து உதிர்கிற தூள் அங்கேதான் விழுகிறது. பீங்கான் இன்சுலேட்டர்களைக் கடைசியில் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.